கரி படியாத சட்டை

வாசலில் வேன் மூன்றாவது முறையாக ஹாரன் அடித்தது. “அண்ணே, வர்றீங்களா, இல்ல நாங்க கெளம்பட்டுமா?” என்று டிரைவர் வளவன் கத்தினான். திலகவதியோ போனையே எடுக்கவில்லை. ஜெயப்பிரகாஷ் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, ஃப்ரிட்ஜ் மேல் வைத்து மனைவிக்கு எழுதினான்.

“திலகா, குழம்பு அடுப்பில் இருக்கு, சுடவைத்துச் சாப்பிடு. எதிர் குவார்ட்டர்ஸ் அம்சவல்லி அக்காவிடம் பேசிட்டேன். நாலு மணிக்கு அவங்க கார் சிதம்பரம் கலைவிழாவுக்குப் போகுது, உனக்கும் இடம் சொல்லியாச்சு. முதலில் நாகஸ்வரம். அடுத்து பரதம், அந்தப் பிள்ளைங்க ஆடினால் கண் இமைக்க மனசு வராது. கடைசியில் தெருக்கூத்து. கண்டிப்பாக வா.”

பேனா நின்றது. நேற்று அவள் கேட்டது இன்னும் காதில் அறைந்தது.

“மூணு மாசமா ஓவர்டைம்னு சொல்லிக்கினு போறியே, சட்டையில ஒரு பொட்டு கரி இருக்கா? எவ வூட்டுக்குய்யா போற?”

நிலக்கரிச் சுரங்கத்துக்காரன் பெண்டாட்டியிடம் அந்தப் பொய் எத்தனை நாள் நிற்கும்? ஆனாலும் கூச்சம் அவன் வாயைக் கட்டிப்போட்டது. காலையில் அவள் சொல்லிக்கொள்ளாமலே வெளியே போய்விட்டாள்.

மறுபடி ஹாரன். தாளில் இடமில்லை. ஓரத்தில் நுணுக்கி எழுதினான்.

“கூத்து நோட்டீஸில் ராணி படத்தைப் பார்த்து, ‘யாருங்க இந்தம்மா, என்னா கண்ணு, என்னா கம்பீரம்!’னு அசந்து போனியே. மூணு மாசமா நான் போனது ஒத்திகைக்கு. அந்த ராணி நான்தான்.”