தலையாட்டி

பதிவு 401
பிப்ரவரி 3, 2071. காலை 9:10, இந்திய நேரம்

மேட்டு நிலையம். இணைப்பாளர் பிரீடா. அலைவாங்கிகள் மூன்றும் நலம். பூமிக்குச் செய்தி போய்ச்சேர 1.3 நொடி, போய்த் திரும்ப 2.6. மின்கலம் 88 விழுக்காடு. காபித்தூள் தீர்ந்து நாற்பது நாள்.

முன்பின் தெரியாதவர் யாராவது இதைத் திறந்தால் என்பதற்காக எழுதுகிறேன். நிலவின் தென்முனைப் பள்ளத்தில் அறுபத்தொரு பேர் பனிக்கட்டி தோண்டுகிறார்கள். பள்ளத்தின் விளிம்பில், அவர்களுக்குப் பத்தொன்பது கிலோமீட்டர் தள்ளி, நான் ஒருத்தி உட்கார்ந்து அவர்களைப் பூமியோடு இணைத்து வைக்கிறேன். ஞாயிறு குடும்பச் சந்திப்பு, பொங்கல் விழா, நிறுவன ஆண்டுவிழா, போன மாதம் ஒரு இரங்கல் கூட்டம், எல்லாம் மெய்நிகர் மண்டபத்தில்தான். கண்ணாடியை மாட்டினால் சரவிளக்கும் சிவப்புக் கம்பளமும். கழற்றினால் தகரச் சுவர்.

பதிவு 403
பிப்ரவரி 5. காலை 11:40

சென்னையிலிருந்து உத்தரவு. ஏப்ரலில் ஆட்களை ஏற்றிப் போக வரவேண்டிய கப்பலை நிறுத்திவிட்டு, சரக்குக் கப்பல் அனுப்ப நிறுவனம் விரும்புகிறது. அடுத்த ஆள் கப்பல் இருபத்தாறு மாதம் கழித்துத்தான். ஆனால் சட்டம் ஒன்று இருக்கிறது. தொழிலாளர்கள் தங்கள் குடும்பத்தார் முன்னிலையில், திறந்த கூட்டத்தில் ஒப்புதல் தரவேண்டும். மூன்றில் ஒரு பங்கினர் ஆட்சேபித்தாலும் கப்பல் வந்தே ஆகவேண்டும்.

கூட்டம் இம்மாதம் இருபதாம் தேதி. நடத்திக் கொடுக்கும் பொறுப்பு என் தலையில்.

பள்ளத்திலிருந்து வந்த குரல் செய்தி. அனுப்பியவர் இசக்கியப்பன், துளைப்பான் ஓட்டுபவர், உடன்குடிக்காரர். நான் தூத்துக்குடி என்பதால் எதற்கும் என்னைத்தான் கூப்பிடுவார்.

"தாயி, ஏப்ரல்ல நான் ஏறியாவணும். டாக்டரு சொல்லிட்டாவ, அதுக்கு மேல இருந்தா எலும்பு தாங்காதாம், பூமியில எறங்கவே முடியாதாம். மகள விட்டுட்டு வரும்போது ஒம்பது வயசு. இப்ப பதினஞ்சு. நாங்க அறுவத்தியொரு பேரும் கை தூக்கப் போறோம், பேசி வச்சாச்சு. நீ லைன் மட்டும் அறுந்துராமப் பாத்துக்க."

லைன் அறுந்துவிடாமல் பார்த்துக்கொள்கிறேன் அண்ணாச்சி என்று பதில் அனுப்பினேன். அதைச் செய்யத்தானே எனக்குச் சம்பளம்.

பதிவு 409
பிப்ரவரி 12. மாலை 4:25

ஒத்திகை. மூன்று மணி நேரம். அதில் இரண்டு மணி நேரம் குத்துவிளக்குக்கே போயிற்று. ஐந்து முகத்தையும் ஐந்து விருந்தினர் ஏற்றவேண்டுமாம். நான்காவது முகம் பற்றவே இல்லை. ஐந்தாவது விருந்தினரின் கை விளக்குக்குள் புகுந்து மறுபக்கம் வந்தது. பொன்னாடையோ தோளில் நிற்காமல் தரைக்குப் போய், தரையையும் தாண்டிப் போய்விட்டது. சென்னையில் விழாவைப் பார்த்துக்கொள்பவர் பத்ரிநாத். அவருடைய கவலையெல்லாம் வேறு.

"மேடம், லேம்ப் மட்டும் எப்டியாச்சும் எரிஞ்சுடணும். சேர்மன் சென்டிமென்ட் பாப்பாரு. அப்புறம் இன்னொண்ணு, உங்க ஆளுங்க எல்லாரும் அட்டென்டிவா இருப்பாங்கல்ல? போன தடவ மாதிரி சிலையாட்டம் உக்காந்திருக்கக் கூடாது."

இருப்பார்கள், உறுதி என்றேன். பெருமையாகவே சொன்னேன்.

அந்தப் பெருமைக்குக் காரணம் 'தலையாட்டி'. நானே எழுதிய நிரல். நான் வந்த புதிதில் ஞாயிறு சந்திப்புகள் பெரும்பாலும் சண்டையில் முடியும். மனைவி ஏதாவது கேட்பாள். கேள்வி இங்கே வந்து பதில் அங்கே போவதற்குள் மூன்று நொடி ஆகும். அந்த மூன்று நொடி கணவன் முகம் கல்லாக இருக்கும். "என்ன யோசிக்கிய? பதில் சொல்ல என்ன தயக்கம்?" என்று அங்கே அழுகை ஆரம்பித்துவிடும். நம் ஊர்க்காரர்களுக்குப் பேசும்போது எதிரே ஒரு தலை ஆடவேண்டும், ஆடாவிட்டால் பேச்சே ஓடாது. ஆகவே பூமிப் பக்கக் கணினியிலேயே ஒரு நிரலை உட்கார வைத்தேன். எதிரில் இருப்பவர் பேசி நிறுத்தியதும், நிஜ ஆளின் அசைவு வந்துசேரும்வரை, அது அவருடைய உருவத்தை மெல்லச் சிரிக்க வைத்துத் தலையாட்டும். சண்டைகள் பாதியாகக் குறைந்தன. நிறுவனம் எனக்குச் சான்றிதழ் தந்தது. இதுவரை ஞாயிறு சந்திப்புக்கு மட்டும் இருந்ததை இந்தக் கூட்டத்துக்கும் போட்டுவிட்டேன்.

நிகழ்ச்சி வழிகாட்டி நாற்பத்திரண்டு பக்கம். விளக்கு இருக்கும் பக்கம்வரை படித்தேன். மீதியை நாளை.

பதிவு 417
பிப்ரவரி 20. கூட்ட நாள்

காலை 10:00. இணைப்பு தெளிவு. அறுபத்தொரு பேரும் மண்டபத்தில். பூமியிலிருந்து குடும்பத்தார் நூற்று எண்பது பேர், நிறுவனத்தார், சாட்சியாக ஓர் அரசு அதிகாரி. எங்களுக்கு ஒதுக்கிய செயற்கைக்கோள் நேரம் தொண்ணூறு நிமிடம்.

10:14. விளக்கு எரிந்தது. ஐந்து முகமும். கைத்தட்டல்.

10:31. வரவேற்புரை இன்னும் முடியவில்லை.

10:52. பொன்னாடை ஏழாவது ஆளுக்கு. நிற்கிறது. நான் இரண்டு ராத்திரி விழித்து நிற்க வைத்த ஆடை.

11:15. தலைவர் நிலவைப் பற்றிப் பேசுகிறார். அவர் நிலவுக்கு வந்ததில்லை.

11:26. தீர்மானம் வாசிக்கப்படுகிறது. மிச்சம் நான்கு நிமிடம்.

11:27. "ஆட்சேபம் உள்ளவர்கள் கை உயர்த்தலாம்."

11:27. பூ மாரி.

11:28. என்ன இது. என்ன இது.

பதிவு 418
பிப்ரவரி 20. மதியம் 1:50

 வரிசையாக எழுதுகிறேன்.

வழிகாட்டியின் முப்பத்தொன்றாம் பக்கம்: கேள்வி கேட்டபின் இரண்டு நொடி அவகாசம். அதற்குள் கை உயர்த்தினால் ஆட்சேபம். கவனமின்றி அசையாமல் இருப்பவர் வராதவராகக் கருதப்படுவார். அப்படிப் பாதிப் பேர் இருந்தால் கூட்டம் செல்லாது. கவனத்துடன் இருந்தும் கை உயர்த்தாதவர் சம்மதித்தவர்.

இரண்டு நொடி. கேள்வி நிலவுக்கு வந்து கை பூமிக்குப் போகவே 2.6 ஆகும். பூமியில் உட்கார்ந்து விதி எழுதியவனுக்கு இரண்டு நொடி தாராளமாகத்தான் தெரிந்திருக்கும்.

தலையாட்டி மட்டும் இல்லாதிருந்தால் அறுபத்தொரு பேரும் சிலையாக இருந்திருப்பார்கள். கூட்டம் செல்லாமல் போயிருக்கும். கப்பல் வந்திருக்கும். அது இருந்தது. கேள்வி முடிந்ததும் அறுபத்தொரு முகமும் சிரித்துத் தலையாட்டின. ஏகமனதாக நிறைவேறியது என்று திரை அறிவித்தது, கூரையிலிருந்து பூக்கள் கொட்டின.

அதற்கப்புறம்தான் கைகள் போய்ச்சேர்ந்தன. அறுபத்தொன்றும். பூக்களுக்கு நடுவே கை உயர்த்தி நின்றவர்களைப் பார்த்து, மகிழ்ச்சியில் கையசைக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு குடும்பத்தாரும் பதிலுக்குக் கையசைத்தார்கள். சத்தம் போட்டவர்களின் குரல் கைத்தட்டலில் கேட்கவில்லை. 11:30க்கு இணைப்பு முடிந்தது.

பத்ரிநாத்தின் செய்தி: "சூப்பர் மேடம். ஃப்ளாலெஸ்."

பதிவு 420
பிப்ரவரி 22, ஞாயிறு. காலை 10:45

குடும்பச் சந்திப்பு. இணைப்பாளர் ஒட்டுக்கேட்கக்கூடாது என்று விதி. கேட்டேன்.

இசக்கியப்பனின் மனைவி முத்துக்கனி மகளை அழைத்து வரவில்லை. உட்காரக்கூட இல்லை.

"நீங்களே சிரிச்சிக்கிட்டுத் தலையாட்டுனியளே. ஒம்ம மூஞ்சிய நான் பாத்தேன்லா. பிள்ளையும் பாத்தா. வர இஷ்டமில்லன்னா எங்கிட்ட நேரா சொல்லியிருக்கலாமே, இத்தன பேரு முன்னாடியா சொல்லணும்?"

"ஏட்டி, அது நானில்ல. மிசினு. மிசினு தலையாட்டிச்சி."

அவள் கேட்டு, அவர் சொன்னது அவளுக்கு வந்துசேர மூன்று நொடி. அந்த மூன்று நொடியும் அவர் முகம் அவளைப் பார்த்துச் சிரித்தபடி தலையாட்டியது. அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

பகல் 12:00. தலையாட்டியை நிறுத்திவிட்டேன். எல்லோருக்கும்.

பதிவு 431
மார்ச் 11. காலை 10:20

புகார் கொடுத்தேன். நிரல், விதி, நொடிக்கணக்கு எல்லாவற்றையும் இணைத்திருந்தேன். விசாரணைக் குழு இன்று என்னை அழைத்தது. அதே மண்டபம். சரவிளக்கைக்கூட மாற்றவில்லை.

தலையாட்டி இல்லாமல் போனேன். உண்மையைச் சொல்ல முகமூடி எதற்கு என்ற திமிர்தான்.

"இந்த நிரலை எழுதியவர் நீங்கள்தானா?" ஆமாம். "வழிகாட்டியை முழுவதும் படித்தீர்களா?" இல்லை. "அறுபத்தொரு பேரும் ஆட்சேபிக்க இருந்தார்கள் என்பது உங்களுக்கு முன்பே தெரியுமா?" தெரியும். மூன்றுக்கும் உள்ளபடியே சொன்னேன். நாற்பது நிமிடம் இப்படியே போயிற்று. முகங்களைப் பார்த்தால் நம்புகிறார்களா இல்லையா என்று தெரியவில்லை.

பதிவு 434
மார்ச் 16. மாலை 5:05

தீர்ப்பு வந்தது. எழுதியபடியே தருகிறேன்.

"சாட்சி எளிய கேள்விகளுக்குக்கூடப் பதிலளிக்குமுன் ஒவ்வொரு முறையும் தயங்கியதைக் குழு கவனத்தில் கொள்கிறது. அவரது கூற்று நம்பத்தகுந்ததாக இல்லை. தொழிலாளர்களின் மகிழ்ச்சி பதிவில் தெளிவாகக் காணப்படுகிறது. கூட்டம் முறைப்படியே நடந்துள்ளது."

தயங்கினேனாம். ஒளிக்கு அவ்வளவுதான் வேகம் என்று புகாரின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன், அதைக்கூட அவர்கள் படிக்கவில்லை. அவர்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நானும்தான் முப்பத்தொன்றாம் பக்கத்தைப் படிக்கவில்லை.

பதிவு 451
ஏப்ரல் 9. இரவு 8:30

சரக்குக் கப்பல் இறங்கியது. இறக்கியது: துளைப்பான் முனைகள், இயந்திர எண்ணெய், நிறுவனத்தின் வெள்ளிவிழாச் சின்னம் பொறித்த சாவிக்கொத்து அறுபத்திரண்டு. எனக்கும் சேர்த்து. காபித்தூள் இல்லை.

கப்பல் திரும்பும்போது பனிக்கட்டி ஏற்றிப் போகும். இசக்கியப்பன்தான் ஏற்றுகிற வண்டியை ஓட்டினார் என்று கேள்விப்பட்டேன். மாலையில் அவரிடமிருந்து செய்தி.

"தாயி, ஒரு ஒதவி. அந்தத் தலையாட்டிய எனக்கு மட்டும் திருப்பிப் போட்டுவிடு. ரெண்டு வாரமா மக வாரா. அவ அம்மைக்குத் தெரியாமத்தான். அவ பேசுதா, எம் மொகம் உர்ருனு இருக்காம். ஏம்ப்பா கோவமா, ஏம்ப்பா கோவமான்னு கேட்டுக்கிட்டே இருக்கா. எனக்குப் பொறுக்கல. இனிமே நான் அங்க போவப் போறதில்ல. அவ பாக்க ஒரு மொகமாவது நல்லா இருக்கட்டும்."

கூடாது என்று சொல்லியிருக்கவேண்டும். போட்டுவிட்டேன்.

பதிவு 458
ஏப்ரல் 26, ஞாயிறு

காலை 7:15. பள்ளத்து மருத்துவரின் செய்தி. இசக்கியப்பன் வண்டியிலிருந்து இறங்கும்போது இடுப்பெலும்பு முறிந்தது. பூமியில் ஆறில் ஒரு பங்கே உள்ள நிலவின் ஈர்ப்பில், ஒரே ஒரு படியிலிருந்து. மயக்கத்தில் இருக்கிறார். உயிருக்கு ஆபத்தில்லை. இனி நடப்பது சந்தேகம்.

9:55. மகளின் சந்திப்பு பத்து மணிக்கு. ரத்து செய்யவேண்டும். என்ன காரணம் எழுத? விபத்துச் செய்தியை நிறுவனம்தான் குடும்பத்துக்குத் தெரிவிக்கவேண்டும் என்று விதி. நிறுவனத்துக்கு ஞாயிறு விடுமுறை.

10:00. அவள் வந்துவிட்டாள். யாழ்மொழி. பள்ளிச் சீருடையில் ஓர் உருவம். எதிர் நாற்காலியில் அவள் அப்பா உட்கார்ந்திருக்கிறார். தலையாட்டிக்கு ஆள் தேவையில்லை, இருக்கை திறந்திருந்தால் போதும். இதையும் நான் யோசித்ததில்லை.

10:02. நிறுத்தும் பொத்தானில் விரல் வைத்திருக்கிறேன். நிறுத்தினால் அவள் கண்முன்னே அப்பா மறைந்துபோவார். அவள் பேச ஆரம்பித்துவிட்டாள். பரீட்சையைப் பற்றி. சிரிக்கிறாள். ஒரு நிமிடம் போகட்டும்.

10:20. இன்னும் போகவில்லை அந்த ஒரு நிமிடம். அவள் மூச்சு விடாமல் பேசுகிறாள், அப்பா தலையாட்டினாலே அவளுக்குப் போதுமாக இருக்கிறது.

10:31. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். நான் இனிமே ஞாயித்துக்கெழம வரலப்பா. அம்மைக்குத் தெரிஞ்சி போச்சி, தெனமும் அழுவுதா. எனக்கும் ஒங்களப் பாத்துட்டுப் போனா அந்த வாரம் பூரா ஒண்ணும் ஓடமாட்டேங்கு. எப்பவாச்சும் லெட்டர் போடுதேன். நீங்க வருத்தப்பட மாட்டியள்லா?"

கேள்வி முடிந்தது. நான் பொத்தானை அழுத்தினேன். இங்கே அழுத்தியது அங்கே போய்ச்சேர 1.3 நொடி. அவள் கேட்டதே எனக்கு வந்துசேர 1.3 நொடி ஆகியிருந்தது. அதற்குள் அவர் சிரித்தார். தலையாட்டினார்.

"தேங்க்ஸ்ப்பா. நீங்க கோவப்படுவியளோன்னு பயந்துகிட்டே வந்தேன்."

அவளே இணைப்பைத் துண்டித்தாள். என் உத்தரவு போய்ச்சேர்ந்து நிரல் நின்றபோது மண்டபத்தில் நாற்காலிகள் மட்டும் இருந்தன. அவளைத் திரும்ப அழைக்க நான்கு முறை முயன்றேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டாள்.

பகல் 2:40. பள்ளத்திலிருந்து குரல் செய்தி. இசக்கியப்பன். நாக்கு குழறுகிறது.

"தாயி... முழிச்சிட்டேன். இன்னைக்கு மக வந்திருப்பால்லா. என்ன சொன்னா?"

4:10. அவருக்கும் எனக்கும் இடையே பத்தொன்பது கிலோமீட்டர்தான். தாமதம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. அவர் கேட்டு ஒன்றரை மணி நேரம் ஆகிறது.