தண்ணீர் முறைச் செயலி: ஆறாவது விதி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் பனி. ஏரியே தெரியவில்லை. முழங்காலுக்குத் தைலம் வாங்க வேண்டும்.

போன வருடம் மதகடியில் மண்வெட்டியைத் தூக்கும் அளவுக்குச் சண்டை. இந்தப் போகம் யாருக்கு எப்போது தண்ணீர் என்பதைப் போனே சொல்லட்டும் என்று பாசன சங்கத்தில் முடிவு. செயலி செய்து தருவது என் மருமகள் நித்யா. சிறுசேரியில் மென்பொருள் வேலை. அதில் என்னென்ன வேண்டும் என்று தேவைப் பட்டியல் எழுதுவது, ஊர் டீச்சர் என்பதால், நான். சனிக்கிழமைக்குள்.

நித்யா: "எழுதினதைத்தான் செய்வோம் அத்தை. மனசுல இருக்கிறது எங்களுக்குத் தெரியாது."

ஏஐயிடம் கேட்டேன்: "ஏரித் தண்ணீர் முறைக்குச் செயலி. தேவைகள் எழுது." பதினோரு பக்கம்! தண்ணீருக்கு நட்சத்திர மதிப்பெண் போடும் வசதிகூட. தவறு என்னுடையது. கரும்பலகையில் 'பசு' என்று மட்டும் எழுதினால் நான்கு கால், ஒரு வால் என்றுதான் கட்டுரை வரும். யார் வீட்டுப் பசு, கறக்கிறதா என்று கேட்டிருக்க வேண்டும்.

மார்ச் 4, புதன்

இன்று விவரமாக. யார் யார் வயல், மதகை ஒட்டிய தலைமடை எது, தண்ணீர் கடைசியாக எட்டும் கடைமடை எது, முறை எப்படிச் சுற்றி வரும். பதில் இரண்டே பக்கம். ஆறாவது விதி: முறை வந்தவர் அரை மணிக்குள் பதில் தராவிட்டால் அடுத்தவருக்கு. பள்ளிக்கூட மணி மாதிரி ஒழுங்கு. பிடித்திருந்தது.

சங்கத் தலைவர் கோதண்டம்: "சோக்கா கீது டீச்சர். கோர்ட்டு ஆர்டர் மாரி."

நாளை வெள்ளோட்டம். செயலி வரும்வரை விதிப்படி நானே செய்தி அனுப்புவது.

மார்ச் 5, வியாழன்

மல்லிகாவின் முறை. கடைமடை வயல், கதிர் பால் பிடிக்கும் நேரம். பதில் இல்லை. அரை மணி ஆனதும் அடுத்தவர் செல்வத்துக்குச் செய்தி. பாய்ச்சிக்கொண்டார்.

அச்சிறுபாக்கத்தில் அவள் நாத்தனார் வீட்டில் சாவு. எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. செல்வத்துக்கு முன்பே தெரியும். சாவுக்குப் போனவர் வயலுக்கு அடுத்த முறைக்காரர் திறந்துவிட்டுத்தான் தன் வயலுக்குத் திருப்புவார். இது ஊர் வழக்கம், எல்லாருக்கும் தெரிந்தது. அதனாலேயே எழுதத் தோன்றவில்லை.

செல்வம்: "போன்ல என் பேரு வந்துச்சி. நான் இன்னா பண்றது?"

சாயங்காலம் மல்லிகா ஈரத் தலையோடு வந்தாள். "போனுக்குச் சாவு வூடு தெரியாது, சரி. ஊருக்குமா தெரியாது டீச்சர்?"

அவளுக்கு இனி முறை அடுத்த வாரம்தான். பயிர் தாங்காது.

மார்ச் 6, வெள்ளி

விடப்போவதில்லை. ஏஐயிடம் கேட்கும் விதத்தையே மாற்றினேன்: "நீ எழுதாதே. என்னைக் கேள். இந்த ஊரில் எல்லாருக்கும் தெரிந்து யாரும் எழுதாதது வெளியே வரும்வரை கேள்."

கேட்டது. ஒருவர் பதில் தராததற்கு என்னென்ன காரணம்? அவருக்காக யார் பேசலாம்? தவறிய முறை திரும்பக் கிடைக்குமா? சிலவற்றுக்கு எனக்கே விடை தெரியாமல் மதகடிக்குப் போய் விசாரித்தேன். உதாரணங்கள் சேர்த்தேன்: சாவு வீடு, பிரசவம், சார்ஜ் தீர்ந்த போன்.

புதிய ஆறாவது விதி: பதில் இல்லாவிட்டாலும் முறை போகாது. அடுத்தவர் அந்த வயலுக்குத் திறந்துவிட்டு, பிறகு தமக்கு.

கோதண்டம்: "அப்போ ஆளாளுக்கு சாவு சொல்லிக்கினு திரிவானுங்க."

"சாவைப் பொய் சொல்றவன் நம்ம ஊர்ல யாரு? பேர் சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 7, சனி

காலையிலேயே வெயில். தைலம் இன்னும் வாங்கவில்லை.

பட்டியல் அனுப்பியாயிற்று. உடனே நித்யாவின் போன். "அடுத்தவர் திறக்கலைன்னா என்ன பண்றது அத்தை? அது இதுல இல்லையே." உண்மை. மல்லிகா இழந்த முறைக்கும் அதில் வழி இல்லை.

இன்று முறை கோதண்டத்துக்கு. செய்தி மட்டும் அனுப்பினேன், மல்லிகாவுக்காக எதுவும் கேட்கவில்லை. சற்று நேரத்தில் மதகடியிலிருந்து அவரே கூப்பிட்டார், சிடுசிடுவென்று: "கடமடைக்குத் தெறந்து வுட்டுக்கீறேன். மல்லிகாவாண்ட சொல்லிடுங்க. இத்தையும் எய்திக்கோங்க டீச்சர், தலைவரு மொதல்ல தெறந்தாருன்னு."

எழுதிக்கொண்டேன். ஆறாவது விதிக்கு உதாரணமாக.

தண்ணீர் கடைமடையைத் தொட மதியம் ஆகும். குடை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன்.