அண்ணியின் பெயர் இருந்த இடம்

டிசம்பர் 20, சனி

கிள்ளான் சர்ச்சில் இன்று பரிசு மாற்றிக்கொண்டோம். ஸ்டெல்லா ஆன்டி தனக்குக் கிடைத்த மேசை விரிப்பை என்னிடம் காட்டினார். "உன் அண்ணி குடுத்தாங்க. பங்சார் கடையில வாங்குனாங்களாம். அழகா இருக்கு லா."

போன கிறிஸ்துமஸுக்கு அண்ணிக்காக என் எம்பிராய்டரி மெஷினில் நான் போட்ட விரிப்பு அது. நட்சத்திரங்கள் அப்படியே இருந்தன. மூலையில் இருந்த தன் பெயரை மட்டும் அண்ணி பிரித்து எடுத்திருந்தார். நூல் போய்விட்டது, ஊசித் துளைகள் போகவில்லை. விரலால் தடவியே படித்தேன்.

"ஆமா ஆன்டி, அழகுதான்" என்றேன்.

இந்த வருடம் அண்ணிக்கென்று எடுத்து வைத்திருந்த மெல்லிய கொடி டிசைன் வேண்டாம். தையல் நெருக்கமான ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். பெயர் நட்டநடுவில் வரும். பிரித்தால் துணியும் சேர்ந்து கிழியும்.