கடித்தது உனக்கு

ஈஸ்ட்வோல்ட், சஃபோக்
9 டிசம்பர் 1978

அன்பு மகள் ஹெஸ்டருக்கு,

முதலில் என் மானம் போன கதை. ஊரார் யாராவது நியூசிலாந்துவரை எழுதிவிடுவதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

புயலுக்கு மறுநாள் காலை, வழக்கம்போலச் சுறாப் பல் பொறுக்கக் கடற்கரைக்குப் போனேன். குளிர்காலம்தானே எங்களுக்கு அறுவடை. அலை கரையோர மேட்டைக் குடைய, கல்லாகிப்போன பற்கள் களிமண்ணிலிருந்து கருகருவென்று உதிரும். அன்று அகப்பட்டதோ பழுப்பு நிறம், தடித்த வேர், நான் பார்த்தேயிராத ஜாதி. பப்பில் மேசைமேல் வைத்து, "அஞ்சு கோடி வருஷத்துப் பல்லுப்பா, தொட்டுப் பாருங்க!" என்று முழங்கினேன். எல்லார் கையிலும் சுற்றி வந்தது. ஒருத்தன் தன் கடைவாய்ப் பல்லோடு வைத்து அளந்துகூடப் பார்த்தான். கடைசியில் பப் நடத்தும் டோரீன் அதை விளக்கடியில் பிடித்து, "ஏன் சிரிலு, அந்தக் காலத்துச் சுறாவெல்லாம் பல் டாக்டர்கிட்ட போச்சா?" என்றாள். பல்லின் குழியில் வெள்ளி அடைத்திருந்தது.

சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராகக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்கள்.

மேட்டின்மேல் உள்ள கல்லறைத் தோட்டத்தில் முதல் வரிசை சரிந்துவிட்டது. எங்கள் பல் பொறுக்கிகளின் சட்டம் உனக்கு நினைவிருக்கும்: கடித்தது உனக்கு, கும்பிட்டது கர்த்தருக்கு. சுறாப் பல் பொறுக்கினவனுக்கே சொந்தம்; மனுஷ எலும்போ பல்லோ எது கிடைத்தாலும் தேவாலய வாசலில் இருக்கும் மரப்பெட்டியில் போட வேண்டும். தொப்பியைக் கழற்றிக்கொண்டு அந்தப் பல்லைப் போட்டுவிட்டு வந்தேன்.

அம்மாவைத் தோண்டியெடுத்து டவுனுக்கு மாற்றச் சம்மதம் கேட்டு நீ அனுப்பிய காகிதம் வந்தது. என் பேனாவில் மை உறைந்துபோய்க் கிடக்கிறது. அவ்வளவு குளிர்.

அன்புடன்,
அப்பா

டனீடின்
27 டிசம்பர் 1978

அன்புள்ள அப்பா,

டோரீன் சொன்னதைப் படித்துச் சிரித்தேன். சிரித்து முடித்ததும் வரிசைகளை எண்ணினேன். அம்மா மூன்றாவது வரிசையில் அல்லவா இருக்கிறாள்?

மை உறைந்தால் பென்சிலால் கையெழுத்துப் போடுங்கள். குழந்தை பிறக்க இரண்டு மாதம் இருக்கும்போது என்னால் கப்பலும் ஏற முடியாது, விமானமும் ஏற முடியாது. ஒருநாள் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்து, "இதோ உன் பாட்டி" என்று காட்ட எனக்கு ஓர் இடம் வேண்டும். அம்மா பப்பில் கை மாறக் கூடாது அப்பா.

ஹெஸ்டர்

ஈஸ்ட்வோல்ட்
14 ஜனவரி 1979

அன்பு மகளுக்கு,

இரண்டாவது வரிசையும் போய்விட்டது. நீ கேட்பதற்குமுன் சொல்கிறேன், காகிதம் பத்திரமாக இருக்கிறது. தேநீர்க் கெட்டிலுக்கு அடியில்தான். வட்டமாக ஒரு கறை, அவ்வளவுதான்.

டவுன் கல்லறை சர்க்கரை ஆலைக்குப் பின்னால் இருக்கிறது. அந்த நாற்றம் உன் அம்மாவுக்கு ஆகாது. வாரத்துக்கு இரண்டு பஸ். வாழ்நாளெல்லாம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவன் இனிமேல் டிக்கெட் வாங்கிப் பெண்டாட்டியைப் பார்க்கப் போக வேண்டுமாம். இங்கேயென்றால் தினமும் காலையில் அவளுக்கு நேர் கீழே குனிந்து பல் பொறுக்குகிறேன். ஊர் வம்பெல்லாம் சொல்கிறேன்.

கிழவனுக்குப் பைத்தியம் என்று நினைக்காதே. அவள் பதில் சொல்கிறாள். மேட்டிலிருந்து மணல் சரியும்போது "உஷ்ஷ்" என்று ஒரு சத்தம் வரும். பிரசங்கத்துக்கு நடுவில் நான் பேசினால் அவள் அடக்குவாளே, அதே "உஷ்ஷ்". மணல்தான், எனக்கும் தெரியும். ஆனால் போன செவ்வாய்க்கிழமை அதோடு விசிலும் வந்தது.

அம்மாவின் முன்பல் உடைந்த கதை உனக்குத் தெரியும். எங்கள் முதல் கிறிஸ்துமஸுக்குப் புட்டிங்கில், அதிர்ஷ்டத்துக்காக வைப்பார்களே, அந்த ஆறு பென்ஸ் காசை ஒளித்து வைத்தவன் நான். அதை "நறுக்"கென்று கடித்தவள் அவள். பல் ஓரத்தில் பிறை மாதிரி ஒரு சில்லு தெறித்தது. அன்று முதல் அவள் "உஷ்" என்றாலே கூடவே ஒரு விசில். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். உடனே இன்னொரு "உஷ்".

செவ்வாய்க்கிழமை காற்றே இல்லை ஹெஸ்டர். கடல் எண்ணெய் மாதிரி கிடந்தது. நான் பேச்சை நிறுத்திவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அப்பா

டனீடின்
29 ஜனவரி 1979

அப்பா,

உங்களுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பதற்காக அம்மாவைக் கடலுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். கையெழுத்துப் போட்ட பிறகு எனக்கு எழுதுங்கள். அதுவரை வேண்டாம்.

ஹெஸ்டர்

ஈஸ்ட்வோல்ட்
20 பிப்ரவரி 1979

என் கண்ணான ஹெஸ்டருக்கு,

போட்டுவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே, பென்சிலால். நேற்றுத் தோண்டினார்கள்.

காலையில் அவர்கள் வருவதற்குமுன் நான் கீழே கரைக்குப் போனேன். உறைபனி, ஒரு பறவைகூட இல்லை. அவளுக்கு நேர் கீழே, ஈர மணலில், யாரோ நட்டுவைத்த மாதிரி ஒரு பல் நிமிர்ந்து நின்றது. கறுப்பு இல்லை. ஓரத்தில் பிறை மாதிரி ஒரு சில்லு. இந்தத் தடவை நான் யாருக்கும் காட்டவில்லை.

மேலே போனேன். புல் அப்படியே இருந்தது, கல் சாயக்கூட இல்லை. ஆனால் தோண்டினால், அடியில் மேடு குகை மாதிரி குடைந்து கிடந்தது. பெட்டியின் தலைமாட்டுப் பலகை இல்லை. அந்த ஓட்டை வழியாகப் பார்த்தால் கடல் தெரிந்தது. பாதிரியார் லேம்ப் அவசரமாகத் தன் மேலங்கியைக் கழற்றி மூடினார். தூக்கியவர்களில் ஒருவன், "என்னங்க, ஐவி அக்கா இவ்வளவு லேசா இருக்காங்க?" என்றான். இன்னொருத்தன் அவன் காலை மிதித்தான்.

டவுனில் அடக்கம் செய்தோம். நல்ல இடம்தான், சுவரோரம். நாற்றமும் நான் பயந்த அளவுக்கு இல்லை. நீ குழந்தையைக் கூட்டிவந்து காட்டலாம். ஆனால் அங்கே இருப்பது அம்மா முழுவதும் இல்லை. அதற்குக் காரணம் என் கெட்டில்தான். இதை நீ வேறு யார் வாயிலாகவும் கேட்கக் கூடாது.

பல் என் சட்டைப்பையில் இருக்கிறது. மரப்பெட்டியில் போடு என்றால் போடுகிறேன். டவுனுக்குக் கொண்டுபோ என்றால் அடுத்த பஸ். உனக்கு வேண்டுமென்றால் பஞ்சில் சுற்றி அனுப்புகிறேன். நீ சொல்கிறவரை நான் கரைக்குப் போகப் போவதில்லை.

பதில் எழுதுவாய்தானே?

அன்புடன்,
அப்பா

பின்குறிப்பு: பெட்டியை வண்டியில் ஏற்றிய பிறகு பாதிரியார் என்னைத் தனியே அழைத்தார். அவருக்கும் நம் சட்டம் தெரியும். "சிரில், கீழ போயிட்டு வந்தீங்களே, பையில ஏதாச்சும் இருக்கா?"

"கடிச்சது ஒண்ணுதான், ஐயா" என்றேன்.

பொய் இல்லையே, ஆறு பென்ஸ் சாட்சி. தலையாட்டிவிட்டு அவர் வண்டியில் ஏறிக்கொண்டார். மேட்டில் மிச்சம் வெறும் குழிதான். அப்போது அந்தக் குழியிலிருந்து வந்தது, "உஷ்ஷ்", விசிலோடு.

அதனால்தான், கும்பிட்டதும் அதே பல்தான் என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.