ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பாம்பு

திண்ணனூர் நாடு,
கொல்லிமலை.

அன்புள்ள கோகிலா கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, அந்தக் குளிர் ஊரில் நீயும் அப்படியே இருக்க வேண்டும். முதலிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால் சித்தப்பாவின் சிறுநீரகம் தப்பியிருக்குமா என்று போனில் கேட்டாய், நான் பதில் சொல்லாமல் வைத்துவிட்டேன். கோபத்தில் வைக்கவில்லை. எனக்குப் பதில் தெரியவில்லை. நீ நர்ஸ் வேலை பார்ப்பவள், உனக்குத் தெரியும் என்று நான் நினைத்திருந்தேன், நீ என்னைக் கேட்கிறாய். மலைக்குக் கீழே ஆஸ்பத்திரியில் டாக்டரைக் கேட்டேன், சில பேருக்கு ஊசி உடனே போட்டாலும் சிறுநீரகம் நின்றுவிடும், சில பேருக்குத் தாமதமானாலும் ஒன்றும் ஆவதில்லை, இதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது அம்மா என்றார். ஆக, நம் வீட்டு ஆண்களுக்கு ஒளிந்துகொள்ள ஓர் இடம் கிடைத்துவிட்டது. போனில் பேசினால் அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்கிறார், அதனால்தான் எழுதுகிறேன்.

உனக்குப் பாதிதான் தெரியும், முழுவதையும் சொல்கிறேன். ஊர்த் திருவிழா முடிந்த மறுநாள் வழக்கம்போல வேட்டைக்குப் போனார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் போயே ஆக வேண்டும், போகாத வீட்டுக்குக் கறியில் பங்கும் கிடையாது, மரியாதையும் கிடையாது. காலம் மாறிவிட்டது, வனத்துறை வழக்குப் போடுகிறது, போன வருஷம் பக்கத்து ஊரில் பிடித்துக்கொண்டு போனார்கள், மிளகுக் கொடி கட்டும் வேலை கிடக்கிறது என்று எல்லாம் சொல்லிப் பார்த்தேன். நீ பள்ளிக்கூடத்துல சொல்றத அங்கேயே சொல்லு என்றார் அப்பா. கருப்பண்ணன் சித்தப்பாவும் கிளம்பினார். பெருமாயி சின்னம்மா அவரைத் தடுக்கவில்லை, போகச் சொன்னவளே அவள்தான். போன ஆடியில் மிளகு பறிக்கும்போது அவளுடைய கையில் பச்சை விரியன் கடித்தது நினைவிருக்கிறதா? கை வீங்கி, தழை அரைத்துக் கட்டி, நாலைந்து நாளில் சரியாகிவிட்டது. அந்தப் பாம்பு பெரும்பாலும் ஆளைக் கொல்லாது, ஆனால் இவர்கள் அதைத் தழையின் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். அதற்கு முன் நம் வீட்டில் நீ படுத்திருந்த பாய்க்கு அடியில் கட்டுவிரியன் கிடந்ததும், அதை அடித்துப் போட்டுவிட்டு அதே பாயில் அப்பா தூங்கியதும் உனக்குத் தெரியும். இந்த ஊரில் பாம்புக்குப் பயப்படுவது பெண்பிள்ளை வேலை.

காட்டில் பன்றியை வலைப் பக்கமாக விரட்டிக்கொண்டு போனபோது சித்தப்பா சருகுக்குள் காலை வைத்திருக்கிறார், கெண்டைக்காலில் பாம்பு கடித்துவிட்டது. எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். தடித்த உடம்பு, முதுகில் சங்கிலி போல வட்ட வட்டமாகப் புள்ளி, குக்கர் மாதிரிச் சீறியது என்று பிறகு அப்பாவே என்னிடம் சொன்னார். கண்ணாடி விரியன், சந்தேகமே இல்லை. உடனே தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வந்திருந்தால் அது ஒரு விபத்தோடு போயிருக்கும். ஆனால் காட்டில் ஏன் இருந்தாய் என்று கேட்பார்களே. அதனால் அங்கேயே நின்று பேசி முடிவெடுத்திருக்கிறார்கள், வீட்டுக்குப் பின்னால் விறகு எடுக்கும்போது கடித்தது என்று சொல்வது என. சித்தப்பாவும் சரி என்றாராம். காலில் கயிற்றை இறுக்கிக் கட்டி வீட்டுக்குத் தூக்கி வந்தார்கள். அப்போதுதான் பங்காளி வேல்முருகனுக்கு யோசனை வந்தது. பாம்பு கடித்தால் அதை அடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் காட்டுவதுதானே இங்கே பழக்கம், கடித்தது காட்டுக்குள் ஓடிவிட்டது, வெறுங்கையோடு போனால் நம்புவார்களா என்று கேட்டிருக்கிறான். ஒருவருக்கும் அது தப்பாகப் படவில்லை. வேல்முருகன் விறகு அடுக்கைக் கலைத்து, உள்ளே சுருண்டு கிடந்த ஒரு பாம்பை அடித்து, உரச்சாக்கில் போட்டுக் கட்டினான். கட்டுவிரியன்போலவே வெள்ளைக் கட்டுகள் போட்ட சின்னப் பாம்பு, ஆனால் விஷமில்லாத ஜாதி. படித்தவர்களே இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். இங்கே மலைமேல் ஆஸ்பத்திரியில் இருந்த சின்ன வயது டாக்டர் குழப்பிக்கொள்ளவில்லை. சாக்கைப் பிரித்துப் பார்த்து, இது விஷமில்லாத பாம்பு, பயப்படாதீர்கள் என்று சொல்லிவிட்டார். வீக்கம் கயிறு கட்டியதால் வந்தது என்று கயிற்றை அவிழ்த்து, ஓர் ஊசி போட்டுப் படுக்க வைத்துவிட்டார். அவர் மேல் எனக்கு வருத்தமில்லை. அவர் படித்ததைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். இவர்கள் வெறுங்கையோடு போயிருந்தால் ரத்தத்தை எடுத்துச் சோதித்திருப்பார்.

நான் அன்று பரீட்சை மேற்பார்வை முடிந்துதான் போனேன். கட்டிலுக்கு அடியில் சாக்கு கிடந்தது, பிரித்துப் பார்த்தேன். பிறகு சித்தப்பாவைப் பார்த்தேன். வீக்கம் தொடை வரைக்கும் ஏறியிருந்தது, துப்பியதில் ரத்தம் இருந்தது, ஈறு கசிந்துகொண்டே இருந்தது. இத்தனை வருஷம் விலங்கியல் சொல்லிக்கொடுப்பவள் நான், அந்தப் பாம்புக்கும் இந்த ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை என்று தெரியாதா? அப்பாவை வெளியே கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன். சுவரைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார், சொல்லி முடித்துவிட்டு, “நீ வாயத் தொறக்காத, இத்தன ஊட்டு ஆம்பளைங்களும் உள்ள போவோணும்” என்றார். திரும்பி வந்து சித்தப்பாவிடம் குனிந்து, கருப்பண்ணா, எங்கே கடித்தது சொல் என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, அண்ணனைப் பார்த்தார். “ஊட்டுக்குப் பின்னாலதானுங்க அண்ணி” என்றார். பல்லெல்லாம் சிவப்பு. எனக்கு அப்போது பயத்தை விட அருவருப்புத்தான் வந்தது, அதை உன்னிடம் மறைக்க விரும்பவில்லை.

நேரே டாக்டரிடம் போய்ச் சொல்லிவிட்டேன், கடித்தது கண்ணாடி விரியன், காட்டில் கடித்தது, சாக்கில் இருப்பது வேறு பாம்பு என்று. அவர் ஒரு கேள்வியும் கேட்காமல் ரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்தார். அது உறையவே இல்லை. விஷமுறிவு ஊசி ஏற்றி, ஆம்புலன்ஸில் கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கிக் கீழே அனுப்பினார்கள், பெருமாயி கூடப் போனாள். நானும் அப்பாவும் வீடு திரும்பியபோது வாசல்படியில் இலையில் கட்டிய கறி இருந்தது. சித்தப்பாவைத் தூக்கிக்கொண்டு மூன்று பேர் வந்த பிறகு மற்றவர்கள் பன்றியை முடித்திருக்கிறார்கள். வேட்டையில் அடிபட்டவனுக்கு இரட்டைப் பங்கு என்பது வழக்கமாம், அதனால் சித்தப்பா வீட்டுப் பூட்டில் இரண்டு பொட்டலம் தொங்கியது. நான் தொடவில்லை. அப்பாவே சமைத்துச் சாப்பிட்டார்.

அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியும், சிறுநீர் நின்றது, டயாலிசிஸ் தொடங்கியது. தெரியாதது இதுதான். ஆஸ்பத்திரிச் சீட்டில் காட்டில் கடித்தது என்று டாக்டர் எழுதியதால் விசாரணைக்கு வனத்துறை ஆட்கள் வந்தார்கள், வலைகளை எடுத்துப் போனார்கள், அப்பாவையும் வேல்முருகனையும் ஆபீஸுக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். அன்றிலிருந்து ஊரில் என்னோடு யாரும் பேசுவதில்லை. குழாயடியில் நான் குடத்தை வைத்தால் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு போகிறார்கள். ஊர்க்கவுண்டர் அருணாசலம் என்னிடம் ஆள் அனுப்பினார், பதற்றத்தில் மாற்றிச் சொல்லிவிட்டேன் என்று வனத்துறையிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் சரியாகிவிடுமாம். நான் மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். அதைவிடக் கசப்பு என்ன தெரியுமா, ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தபோது பெருமாயியே சொன்னாள், “அக்கா, நீங்க சொன்னதாலதான் உசுரு நின்னுச்சு, எனக்குத் தெரியும். ஆனா அத நான் ஊருக்குள்ள சொல்ல மாட்டேன், என்னைய அங்க இருக்க உடோணுமில்ல” என்று. அவள்மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்காவது சம்பளம் வருகிறது, கதவைச் சாத்திக்கொண்டு இருந்துவிடுவேன். அவளுடைய குச்சிக்கிழங்குக் காட்டில் களை வெட்ட நாலு பேர் கை வேண்டும்.

நாளைக்குக் கீழே போகிறோம். இனிமேல் சித்தப்பாவுக்கு டயாலிசிஸ் வேண்டாமா அல்லது வாழ்நாள் முழுக்க வாரத்துக்கு இரண்டு தடவை மலை இறங்க வேண்டுமா என்று நாளைக்குச் சொல்வதாக டாக்டர் சொல்லியிருக்கிறார். மலை இறங்கி ஏறுவது அவரால் ஆகாது, குடும்பத்தோடு கீழே குடிபோனால் நிலம் தரிசாகும். பெருமாயி கோயிலுக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனாலும் இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

நீ இதைப் பற்றி அப்பாவிடம் போனில் எதுவும் கேட்காதே, பதில் வராது, உனக்கும் மனது கெடும். இரவுப் பணி முடிந்து வந்ததும் வெறும் ரொட்டியைக் கடித்துவிட்டுப் படுக்காதே, சோறு வடித்துச் சாப்பிடு. நான் அனுப்பிய மிளகை ஈரம் படாமல் வை. தடுப்பூசி எல்லாம் போட்டுக்கொண்டாயா என்று எழுது. எது சரி என்று உனக்குத் தோன்றுகிறதோ அதைச் சொல்லும் துணிச்சல் உனக்கு எப்போதும் இருக்கட்டும், அதற்குப் பிறகு தனியாக இருக்க நேர்ந்தால் அதைத் தாங்கும் உடம்பும் இருக்கட்டும். இதைவிட நல்ல ஆசீர்வாதம் எனக்கு இப்போது வரவில்லை.

உன் அம்மா,
அருள்மொழி

மறுநாள் சாயங்காலம் எழுதுவது. கடிதத்தைத் தபாலில் போடாமல் வைத்திருந்தேன், நடந்ததையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். சித்தப்பாவுக்குச் சிறுநீர் நன்றாகப் பிரிகிறது, ரத்தத்தில் உப்பின் அளவு இறங்கிவிட்டது, டயாலிசிஸ் இனித் தேவைப்படாது என்று டாக்டர் சொன்னார். பெருமாயி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், வேன் பிடித்து வந்திருந்த ஊர்க்காரர்கள் அறைக்குள் நுழைந்ததும் கையை விட்டுவிட்டாள். அருணாசலம் கட்டிலோரம் நின்று சித்தப்பாவை மேலும் கீழும் பார்த்தார். என் பக்கம் திரும்பி, அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக என்னிடம் பேசினார். “ஏனுங்க டீச்சர், கண்ணாடி விரியனா இருந்தா மனுசன் இப்பிடி எந்திரிச்சு உக்காருவானுங்களா? சாக்குல கொண்டாந்த பாம்புதானுங்க அது” என்றார். வேல்முருகன் சிரித்தான், மற்றவர்களும் சிரித்தார்கள். நான் சித்தப்பாவைப் பார்த்தேன். அவர் போர்வையைப் பார்த்தபடி, ஆமாம் என்று தலையாட்டினார்.

திரும்பும்போது எல்லோரும் ஒரே வேனில் வந்தோம். பேளுக்குறிச்சி தாண்டுவதற்குள் வலை போய்விட்டதே, அடுத்த வேட்டைக்கு யாரிடம் வாங்குவது என்று பேச்சு ஆரம்பித்தது. முன்னால் உட்கார்ந்திருந்த உன் அப்பா திரும்பி, அடுத்தது எந்தக் காடு என்று கேட்டார்.