முதலாளி வெளியே போயிருக்கிறார்

என்றும் என் நினைவில் இருக்கும் ஸ்டெல்லா அப்பாவுக்கு,

போன கல்லறைத் திருநாளில் உங்கள் தலைமாட்டில் நின்று நான் செய்த காரியத்துக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல்தான் இத்தனை நாள் தள்ளிப்போட்டேன். நேரில் வந்து சொல்ல வெட்கமாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

நாற்றுப்பண்ணை நன்றாக ஓடுகிறது. நிழல்வலைக்கு அடியில் தக்காளியும் மிளகாயும் தட்டுத் தட்டாக முளைத்து நிற்கின்றன. காலையில் அந்தப் பச்சையைப் பார்க்கிற சந்தோஷத்துக்காகத்தானே நான் இந்தத் தொழிலையே தொடங்கினேன்? "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை?" என்று என் அண்ணன் குதித்தபோது, தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே, "அவளுக்குப் பிடிச்சிருக்குல்ல, விடுங்க மச்சான்" என்றீர்கள். யாராவது போனில் உங்களைக் கேட்டால், "மொதலாளியம்மா இருக்காக, பேசுங்க" என்று என்னிடம் நீட்டிவிடுவீர்கள்.

நீங்கள் போன பிறகு பாதிப் பேர் வரவில்லை. "நாத்து பழுதாப் போனா அந்தம்மாகிட்ட போயி எப்படிச் சண்டை போடுறது?" என்றார்களாம். அந்தச் சமயத்தில்தான் ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு விவசாயி கூப்பிட்டார்.

"ஏனுங்க, மொதலாளி இல்லீங்களா?"

"வெளிய போயிருக்காருங்க, கேட்டுச் சொல்றேன்" என்று என் வாய் சொல்லிவிட்டது. உங்களிடம் கேட்டதுபோலக் கொஞ்ச நேரம் கழித்து, நானே கூப்பிட்டு விலையைச் சொன்னேன். என்னிடம் பேரம் பேசிப் பேசியே கழுத்தறுக்கிறவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். அந்த மனுஷர் மறுபேச்சுப் பேசவில்லை.

அதையே பிடித்துக்கொண்டேன். செம்பட்டிச் சந்தைக்கு, பாலசமுத்திரத்தில் ஒரு கல்யாணத்துக்கு என்று உங்களை அனுப்பாத இடமில்லை. உயிரோடு இருந்தபோது இத்தனை ஊர் சுற்றியிருப்பீர்களா நீங்கள்?

கல்லறைத் திருநாளன்று மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் பூவைத் தூவிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. வடமதுரைக்காரர் ஒருவர் மிளகாய் நாற்றுக்கு விலை கேட்டார். நான் உங்கள் சிலுவையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "பக்கத்துலதான் இருக்காருங்க. கேட்டுச் சொல்றேன்."

திரும்பினால் நம் மகள் நிற்கிறாள். விவசாயப் படிப்பை முடித்துவிட்டு, பண்ணைக்குத்தான் வருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்பவள்.

"நான் பண்ணைக்கு வந்தா யாரு பேரைம்மா சொல்லணும்? அப்பா பேரையே சொல்லவா? இல்ல, எனக்குக் கல்யாணம் பண்ணிவச்சு அந்தாளு பேரைச் சொல்லச் சொல்வியா?"

கூசிப்போய்விட்டேன். ஊரார் என்னை நம்பாதது இருக்கட்டும், நானே என்னை நம்பவில்லையே. நீங்கள் உயிரோடு இருந்தவரை முதலாளி நான்தான். உங்களைப் புதைத்துவிட்டு வந்து அந்த நாற்காலியில் உங்களை உட்கார வைத்தேன். பெற்ற பெண்ணுக்கும் அதையே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என்ன தாய் நான்?

நேற்று ஒட்டன்சத்திரத்துக்காரரை நானே கூப்பிட்டேன். ஸ்டெல்லா பக்கத்தில் நின்றாள். "அவரு இறந்து ரொம்ப நாளாச்சுங்க. இம்புட்டு நாளும் உங்களுக்கு நாத்து போட்டது, விலை சொன்னது எல்லாம் நான்தான்" என்றேன். அவர் போனை வைத்துவிட்டார். இதை எழுதுகிற வரைக்கும் கூப்பிடவில்லை. கூப்பிடுவாரா?

கூப்பிடாவிட்டாலும் போகட்டும். இனி உங்களை எந்த ஊருக்கும் அனுப்பமாட்டேன். அடுத்த கல்லறைத் திருநாளுக்கு ஸ்டெல்லாவோடு வருவேன். போன் அடித்தால் உங்கள் முன்னாலேயே எடுத்து விலை சொல்வேன். நீங்கள் கேட்டுக்கொண்டிருங்கள், போதும்.

இப்படிக்கு,
உங்கள் மனைவி, ஸ்டெல்லாவின் அம்மா,
ஆரோக்கியமேரி,
நாற்றுப்பண்ணை முதலாளி