மேற்கு வேலிப் பேணி

புளியங்கூடல்,
20.12.2009

என் அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் தங்கச்சி மீனலோசனி எழுதுவது. அங்கே பனி கொட்டுகிறதாம், நீங்களும் அண்ணியும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். இங்கே நான், இவர், பிரியவதனி மூவரும் சுகம். இந்த முறை சுகம் என்று வாய்ச்சொல்லுக்கு எழுதவில்லை. அதற்காக ஒரு பூட்டை உடைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஒழுங்கை அப்புத்துரை அண்ணை உங்களுக்கு ரெலிபோன் எடுத்துச் சொன்னது முழுக்க உண்மை. உங்கள் வீட்டுக் கேற்றுப் பூட்டை அலவாங்குக் கம்பியால் நெம்பி உடைத்தது நான்தான். இவர் பக்கத்தில் நின்று, உம்மடை அண்ணரிட்டை இன்னொருக்கால் கேட்டிட்டு உடையுமன் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மூன்று தரம் கேட்டாயிற்று, போதும் என்றேன். வெள்ளிக்கிழமை போனில் நீங்கள் கத்த, நானும் கத்த, கடைசியில் நீங்கள் வைத்துவிட்டீர்கள். கடிதத்தில் இடைமறிக்க ஏலாது. முழுவதையும் வாசித்துவிட்டு ஏசுங்கள்.

போன தையில் பிரியா காய்ச்சலில் விழுந்ததை உங்களுக்குப் பாதிதான் சொன்னேன். வந்தது டெங்கு. யாழ்ப்பாணத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்பது நாள் பாயில் கிடந்தேன். ஆறாம் நாள் பிள்ளையின் பல் முரசால் இரத்தம் கசிந்தது. துண்டு வெட்டி வீட்டுக்கு விடும்போது டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இந்தக் காய்ச்சலிலை நாலு வகை இருக்கு, வேறை வகை ஒண்டு வந்தால் இதைவிடக் கடுமையாயிருக்கலாம், பிள்ளையை நுளம்பு கடிக்க விடாதேங்கோ என்றார். அன்றிலிருந்து எனக்கு அதுதான் வேலை. இது பகலில் கடிக்கிற நுளம்பு. வலைக்குள் இருத்தியா பள்ளிக்கூடம் அனுப்புவது?

ஐப்பசி மழையோடு சுகாதாரப் பரிசோதகர் ஒருவர் வந்தார். உள்ளும் புறமும் கறுப்புப் பெயின்ற் பூசிய மூன்று பால்மாத் தகரப் பேணிகள் தந்தார். பாதிக்குத் தண்ணீர் விட்டு, சொரசொரப்பான பலகைத் துண்டு ஒன்றை உள்ளே சாய்த்து நிழலில் வைக்கவேண்டும். பெண் நுளம்பு இருட்டையும் தண்ணீரையும் தேடி வந்து அந்தப் பலகையில் முட்டையிடும். ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீரை வெயில் பட்ட மண்ணில் ஊற்றி, பலகையை அடுப்பில் போட்டு, பேணியை உரஞ்சிக் கழுவிப் புதுத் துண்டு வைக்கவேண்டும். நுளம்பு தன் பிள்ளைகளைக் கொண்டுவந்து என் கையில் தருகிறது, நான் அடுப்பில் போடுகிறேன். பாவம் என்று ஒருநாளும் தோன்றவில்லை. கிணற்றடியில் ஒன்று, குசினிக்குப் பின்னால் ஒன்று, உங்கள் வளவை ஒட்டிய மேற்கு வேலியில் ஒன்று என்று வைத்தேன்.

இப்போது என் பிழையையும் சொல்லிவிடுகிறேன். அப்புத்துரை அண்ணை சொல்லி நீங்கள் அறிவதைவிட அது நல்லது. எங்கள் தீவில் தண்ணீரைச் சும்மா மண்ணில் ஊற்ற யாருக்குக் கை வரும்? பவுசர் லொறியில் வருகிற நல்ல தண்ணீருக்கு வாளியும் கையுமாக வரிசையில் நிற்கிறோம். அரிசி கழுவியதை ஆட்டுக்கு வைக்கிறோம், முகம் கழுவியதை வாழைக்கு விடுகிறோம். நானும் பலகையை மட்டும் ஒழுங்காக எரித்துவிட்டு, பேணித் தண்ணீரைக் கக்கூசுக்கு உதவும் என்று பின்பக்கத்துப் பீப்பாவில் ஊற்றி வந்தேன். இரண்டு கிழமையில் பீப்பா நிறையப் புழு நெளிந்தது. பரிசோதகர் எட்டிப் பார்த்துவிட்டு, அக்கா, நீங்கள் நுளம்புக்குப் பிள்ளைப்பேற்று ஆஸ்பத்திரி எல்லோ நடத்துறியள் என்றார். வெட்கத்தில் முகம் எரிந்தது. பிரியா ஒவ்வொரு நாளும் காலையில் போகிற இடம் அது. அந்த நிமிடமே பீப்பாவைக் கவிழ்த்தேன். இப்போது மண்ணில்தான் ஊற்றுகிறேன், ஆனாலும் ஊற்றும்போது மனம் பதைக்கத்தான் செய்கிறது.

அதற்குப் பிறகு இரண்டு பேணிகளில் முட்டை குறைந்துகொண்டே வந்தது. மேற்கு வேலிப் பேணியில் மட்டும் ஒவ்வொரு முறையும் பலகை முட்டை மொய்த்துக் கரி பூசினது போலிருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று நான் சொல்லத் தேவையில்லை. நீங்கள் கட்டிய தாமரைத் தொட்டி, மழைத் தண்ணீர் நிறைந்து கிடந்தது. சமாதான காலத்தில் ஒரு மாதம் வந்து நின்றபோது கேற்றைப் பூட்டித் திறப்பையும் கொண்டுபோய்விட்டீர்கள். அதனால்தான் போன் எடுத்தேன். முதல் தரம், நான் வந்து பாக்கிறன் என்றீர்கள். இரண்டாம் தரம், அதை ஒருத்தரும் தொடக்கூடாது என்றீர்கள். மூன்றாம் தரம், அவ்வளவு பயமெண்டால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போ என்றீர்கள்.

கொழும்பில் நுளம்பு இல்லையா அண்ணை? அல்லது அங்கே அது அடையாள அட்டை பார்த்துத்தான் கடிக்கிறதா? தொண்ணூறில் இந்தத் தீவை விட்டு ஓடினோம். தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்தை விட்டு ஓடினோம். வன்னியில் எத்தனை கொட்டில் மாறினோம் என்பது எனக்கே நினைவில்லை. குண்டுக்குப் பயந்து ஓடினேன், அதில் எனக்கு வெட்கமில்லை. நுளம்புக்குப் பயந்து ஓடமாட்டேன். திரும்பி வந்து ஆறு வருடமாக இந்த உவர் மண்ணோடு மல்லுக்கட்டி நாலு வாழையும் ஒரு முருங்கையும் நிமிர்த்தியிருக்கிறேன். நான் இங்கேதான் இருப்பேன். என் பிள்ளையும் இங்கேதான் இருப்பாள், உயிரோடு இருப்பாள்.

உலை வாயை மூடினாலும் ஊர் வாயை மூட ஏலாது. தமையன் வீட்டைப் பிடிக்கப் பார்க்கிறாள் என்றும் ஒரு கதை உலாவுகிறது. கதைக்கட்டும். கதை கட்டின அப்புத்துரை அண்ணையின் வளவிலேயே இரண்டு பேணி வைத்துவிட்டேன். முதலில் முறைத்தார். முட்டை மொய்த்த பலகையை முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டியதும், தானே குனிந்து தண்ணீர் தேங்கிய சிரட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினார். இப்போது இந்த ஒழுங்கையில் பதினொரு வீட்டில் பேணி இருக்கிறது.

இனித் தொட்டியின் கதை. நான் உள்ளே போனபோது தண்ணீர் முழுக்கப் புழு துள்ளியது. நீங்கள் ஏன் ஒருவரையும் தொட விடவில்லை என்பது எனக்குத் தெரியாததா? உங்கள் மகன் நிமலனுக்காகக் கட்டிய தொட்டி. நாலு வயதில் அதில் காகிதக் கப்பல் விட்டுவிட்டு, மாமி, ஊதுங்கோ, ஊதுங்கோ என்று என் சட்டையைப் பிடித்து இழுப்பான். நீங்கள் வந்து நின்ற அந்த மாதம் ஒவ்வொரு பின்னேரமும் தொட்டிக் கட்டின்மேல் தனியே இருந்ததை நான் வேலிக்குள்ளால் பார்த்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. ஆனால் அண்ணை, வன்னியில் பத்து வயதில் எங்கள் பிள்ளையைக் கொண்டுபோனது எது? மலேரியா. அதையும் நுளம்புதானே கொண்டுவந்து தந்தது? தன் மச்சாள் பிரியாவுக்கு யமனை வளர்க்கத் தன் தொட்டியைத் தர அவன் சம்மதிப்பானா?

சுவரை நான் உடைக்கவில்லை. ஆத்திரத்தில் அலவாங்கை ஓங்கியது உண்மை, ஆனால் கை இறங்கவில்லை. அடியில் ஒரு துளை மட்டும் போட்டேன். தண்ணீர் வடிய அரை மணித்தியாலம் எடுத்தது. பிறகு உள்ளே இறங்கித் தேங்காய்த் தும்பால் நன்றாக உரஞ்சிவிட்டேன். போன முறை மேற்கு வேலிப் பலகையில் ஒன்பது முட்டைதான் இருந்தது. உங்கள் கேற்றுக்குப் புதுப் பூட்டுப் போட்டாயிற்று, திறப்பு என்னிடம் இருக்கும். நீங்கள் நேரில் வந்து நின்று சொன்னாலும் அந்தத் துளையை அடைக்க விடமாட்டேன்.

கோபமென்றால் கோபமாகவே இருங்கள். கதைக்காமல் விட்டாலும் தாங்கிக்கொள்வேன். ஒன்றை மட்டும் கேட்கிறேன். பெற்ற பிள்ளையை மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு திரும்பி நடப்பது எப்படி என்று உங்களுக்கும் அண்ணிக்கும் தெரியும். எனக்குத் தெரியாது. அதைத் தெரியாமலே நான் செத்துப்போகவேண்டும் என்று, நயினாதீவு அம்மாளை நினைத்து எனக்காக ஒருக்கால் கும்பிடுங்கள், அண்ணை.

ஒருநாளும் சொல்வழி கேளாத
உங்கள் தங்கச்சி,
மீனலோசனி